தாயும் சேயும் நலமா?

பிரசவமாகி ஒரு மாதம் ஆகியிருக்கும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருகிறார். பையிலிருந்து தராசை எடுத்து, கொக்கியில் துணித் தூளியை மாட்டி, குழந்தையைக் கிடத்தித் தூக்கிப் பார்க்கிறார். மூன்றே முக்கால் கிலோ. பால் நன்றாகக் குடிக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறது, அடுத்த தடுப்பூசிக்கு எந்தப் புதன்கிழமை வரவேண்டும் என்று பேச்சு நடக்கிறது. பதில் சொல்வதெல்லாம் பாட்டிதான். பெற்றவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். "உனக்குத் தையல் ஆறிடுச்சாம்மா? இரும்புச் சத்து மாத்திரை போடுறியா?" என்று அவளிடம் இரண்டு கேள்வி. இரண்டுக்கும் "ம்" என்று பதில். செவிலியர் அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புகிறார்.

அவர் மீது குறை சொல்ல எதுவுமில்லை. ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கேட்கச் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுவிட்டார். மூன்று வாரமாக அந்தப் பெண் சிரிக்கவில்லை, குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, தான் இல்லாவிட்டால் இந்தக் குழந்தை நன்றாக வளரும் என்று அடிக்கடி தோன்றுகிறது. இவற்றைக் குறிக்க அந்த அட்டையில் கட்டம் இல்லை.

இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் அவர்களில் 301 பேரை மறுபடி தேடிப் போய்ப் பேசினார்கள். முடிவுகள் 2002-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தன. பிரசவத்துக்குப் பின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண் மனச்சோர்வில் இருந்தாள். கர்ப்ப காலத்தில் நன்றாக இருந்து, பிரசவத்துக்குப் பின் புதிதாக நோய் கண்டவர்கள் மட்டும் 11 விழுக்காடு. அதே ஆண்டு கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்தவர்கள் 23 விழுக்காடு. 2017-ல் இந்திய ஆய்வுகள் 38-ஐ ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது வந்த எண் 22. எண்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏறி இறங்கினாலும், இது அபூர்வமான நோய் அல்ல என்பதில் சந்தேகம் இல்லை.

கணியம்பாடி ஆய்வில் எண்ணைவிடக் காரணங்கள்தான் என்னை நிறுத்திப் படிக்கவைத்தன. வருமானக் குறைவு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது, பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடன் பிணக்கு. இவையெல்லாம் நாமே ஊகித்திருப்போம். பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: பெற்றோருடன் பிணக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், வேப்பிலை போட்ட வெந்நீர், வயிற்றுக்குக் கட்டு என்று அந்த வீடு உடம்பைப் பார்த்துக்கொள்ளும். அங்கே அவளுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகாவிட்டால் மனத்துக்கு அது தாய் வீடு இல்லை. பிறந்த வீடோ புகுந்த வீடோ, அங்கே அவள் எப்படி நடத்தப்படுகிறாள் என்பதுதான் கணக்கு.

இங்கே மூன்று நிலைகளைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். குழந்தை பிறந்த மூன்றாம், நான்காம் நாளில் காரணம் இல்லாமல் அழுகை வருவதும், தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருவதும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். அது நோயே அல்ல. இரண்டு வாரம் தாண்டியும் போகாமல், எதிலும் பிடிப்பில்லாமல், குற்ற உணர்ச்சியோடு நாள் நகர்ந்தால் அதுதான் இந்த அத்தியாயம் பேசும் மனச்சோர்வு. மூன்றாவது, ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் மனப்பிறழ்வு. தூக்கமே இல்லாமல், தூக்கம் தேவை என்றும் தோன்றாமல், இல்லாத குரல்களைக் கேட்டு, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் கொண்டு, நேரத்துக்கு நேரம் மாறும் நிலை. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தொடங்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அவசரம் அது. காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்று மந்திரிக்கக் கூட்டிப் போய்க் கழியும் ஒவ்வொரு நாளும் ஆபத்து.

இனி உடம்புக்கு வருவோம். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் பல மடங்கு ஏறுகின்றன. அவற்றைப் பெருமளவில் சுரப்பது நச்சுக்கொடி. அது வெளியே வந்த சில நாள்களில் இரண்டும் சரிந்து பழைய அளவுக்கு வந்துவிடும். இந்தச் சரிவு எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுதான். மனச்சோர்வு வந்த பெண்களின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தாலும் மற்றவர்களுடையதிலிருந்து பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அப்படியென்றால் ஹார்மோன்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் மிக்கி பிளாக், பீட்டர் ஷ்மிட் ஆகியோரின் குழு இதற்கு ஒரு துணிச்சலான சோதனை செய்தது. 16 பெண்களைச் சேர்த்தார்கள். யாரும் கர்ப்பமாக இல்லை. சேர்ந்த சமயத்தில் எல்லோரும் நலமாக இருந்தார்கள். 8 பேருக்கு முன்பு ஒரு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்து குணமாகியிருந்தது. மற்ற 8 பேருக்கு அந்த வரலாறு இல்லை. மருந்து கொடுத்து சினைப்பையின் சுரப்பை நிறுத்திவிட்டு, இரண்டு ஹார்மோன்களையும் உயர்ந்த அளவில் 8 வாரம் கொடுத்தார்கள். உடம்பைப் பொறுத்தவரை அது ஒரு பொய்க் கர்ப்பம். பிறகு எப்போது என்று பெண்களுக்கும் தெரியாமல், அவர்களைக் கவனித்தவர்களுக்கும் தெரியாமல் ஹார்மோன்களை நிறுத்தினார்கள். அது பொய்ப் பிரசவம்.

இந்தச் சோதனையில் இல்லாதவற்றை எண்ணிப் பாருங்கள். குழந்தை இல்லை. இரவு விழிப்பு இல்லை. மார்புக் காம்பில் வெடிப்பு இல்லை. "நாங்கெல்லாம் பெத்துக்கலையா?" என்று கேட்க யாரும் இல்லை. இருந்தும், முன்பு மனச்சோர்வு கண்ட 8 பேரில் 5 பேருக்கு மறுபடி மனநிலை குலைந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2000-ல் வெளியான இந்த ஆய்வு மிகச் சிறியது. 16 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டிய சோதனைகள் குறைவு. டவுன் பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் அந்த உலுக்கல் எல்லோருக்கும் ஒன்றுதான்; கம்பி கைக்கு எட்டும் இடத்தில் நிற்பவர் சமாளித்துக்கொள்கிறார், எட்டாத இடத்தில் நிற்பவர் விழுகிறார். விழுந்தவரை நெஞ்சுரம் இல்லாதவர் என்று யாரும் சொல்வதில்லை.

எந்தக் கம்பி அது என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. புரோஜெஸ்டிரோன் உடைந்து அலோபிரெக்னனலோன் என்ற பொருளாகிறது. மூளையில் நரம்புகளின் பரபரப்பைத் தணிக்கும் காபா ஏற்பிகளின் வேலைக்கு இது துணை நிற்கிறது. கர்ப்பத்தில் இது ஏறுகிறது, பிரசவத்தோடு இறங்குகிறது. சில மூளைகள் இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தங்களைச் சரிசெய்துகொள்ளத் தடுமாறுகின்றன என்பது இன்றைய முக்கியமான கருதுகோள். இதே பொருளை மருந்தாக்கி, பிரெக்சனலோன் என்ற பெயரில் 60 மணி நேரம் நரம்பு வழியே ஏற்றும் சிகிச்சைக்கு 2019 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. விலை சுமார் 34,000 டாலர். கைக்குழந்தைக்காரி இரண்டரை நாள் படுக்கையில் கிடந்து, அந்தப் பணத்தையும் கட்டவேண்டும் என்றால் எத்தனை பேருக்கு அது எட்டும்? 2024 முடிவோடு அதன் விற்பனை நின்றது. அதற்குள் 14 நாள் விழுங்கும் மாத்திரையாக சுரனலோன் 2023 ஆகஸ்டில் வந்துவிட்டது. நம் ஊரில் இன்றும் பெரும்பாலும் கொடுக்கப்படுவது செர்ட்ரலின் போன்ற பழைய மனச்சோர்வு மாத்திரைகளே. அவை பெரும்பாலோருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன.

இவ்வளவு தெரிந்திருந்தும் பெண்கள் ஏன் வாய் திறப்பதில்லை? விழிப்புணர்வு இல்லை என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். சொல்லாமல் இருக்கும் பெண் பல நேரம் அறியாமையால் அல்ல, கணக்குப் போட்டுத்தான் சொல்லாமல் இருக்கிறாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். "பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டுக் கண்ணு கலங்கலாமா, பால் வத்திப் போயிடும்" என்பது பரிவான பதில். அடுத்த படி, குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தள்ளி வைப்பது. அதற்கும் அடுத்த படி, "பைத்தியத்த எங்க தலையில கட்டிட்டாங்க" என்ற பஞ்சாயத்து. இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம். நோயின் பெயரைக் காட்டினால் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது தீவிரமாக இருக்கவேண்டும் என்று 1988-லேயே ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு கூடத்தில் உட்கார்ந்து பேசும் பெரியவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே அவள் பயம் மூடநம்பிக்கை அல்ல. பேசுவதற்கு அவள் விலை கொடுக்க நேரலாம்.

இன்னொரு பயம் இதைவிட ஆழமானது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மாடியிலிருந்து குழந்தையைப் போட்டுவிடுவேனோ, அரிவாள்மணை பக்கம் போனால் ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடும். அவள் விதிர்த்துப் போவாள். இப்படி நினைப்பவள் தாயா என்று தன்னையே வெறுப்பாள். சமையலறையில் கத்தியை மறைத்து வைப்பாள், குழந்தையைக் குளிப்பாட்ட மறுப்பாள். கனடாவில் நிக்கோல் ஃபேர்பிரதரும் ஷீலா வுடியும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் புதுத் தாய்மார்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் குழந்தைக்குத் தற்செயலாக ஏதாவது ஆகிவிடுமோ என்ற நினைப்பு வந்திருந்தது; கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, தானே தீங்கு செய்துவிடுவேனோ என்ற வேண்டாத நினைப்பும் வந்திருந்தது. இவர்கள் நோயாளிகள் அல்ல, சாதாரணத் தாய்மார்கள். நினைப்பைக் கண்டு பதறுகிறாள் என்றால், அது அவள் விருப்பம் இல்லை என்பதற்கு அந்தப் பதற்றமே அடையாளம். மனப்பிறழ்வில் இருப்பவளுக்கு இந்தப் பதற்றம் இல்லாமல் போகலாம். அந்த நினைப்பு அவளுக்கு நியாயமாகவே படலாம். இந்த வித்தியாசத்தைப் பிரித்தறியத் தெரிந்த ஒருவரிடம் சொன்னால் பாதிப் பாரம் இறங்கிவிடும். யாரிடமும் சொல்ல முடியாததால்தான் அது பூதாகரமாகிறது.

சொல்வதற்குத் தயங்குகிறவளிடமிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? எடின்பரோவில் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சாகோவ்ஸ்கி மூவரும் 1987-ல் கண்ட வழி ஒரே ஒரு தாள். காக்ஸ் அதற்கு முன் உகாண்டாவில் கர்ப்பிணிகளின் மனநிலையை ஆராய்ந்தவர். அப்போது புழக்கத்தில் இருந்த மனச்சோர்வுப் படிவங்கள் தூக்கம் எப்படி, பசி எப்படி, அசதி உண்டா என்று கேட்டன. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் இவற்றுக்கு மோசமான பதில்தான் வரும். அதனால் உடம்பு சார்ந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டார்கள். தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் தப்பியது. அதுவும், மனம் கனத்துப்போய்த் தூக்கம் கெடுகிறதா என்று திருத்தப்பட்டு.

மிச்சம் பத்துக் கேள்விகள். கடந்த 7 நாள்களைப் பற்றி மட்டும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. முதல் கேள்வி நோயைப் பற்றியதே அல்ல. சிரிக்க முடிகிறதா என்பதில் தொடங்குகிறது. தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று மெதுவாக இறங்கி, பத்தாவதாகத்தான் தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணத்தைப் பற்றிக் கேட்கிறது. மனநோய் என்ற பேச்சையே எடுக்காமல் முழுப் படிவத்தையும் முடித்துவிடலாம். வேலூரில் 2005-ல் இதன் தமிழ் வடிவத்தைச் சோதித்துப் பார்த்து, இங்கே பொருந்துகிறது என்று உறுதி செய்தார்கள். ஐந்து நிமிடம் போதும். மொத்த மதிப்பெண் எத்தனைக்கு மேல் போனால் கவலைப்படவேண்டும் என்ற கோடு இடத்துக்கு இடம் மாறும். அது நோய் உறுதிச் சான்றிதழும் அல்ல. பத்தாவது கேள்விக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அதற்குப் பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே, தனியாக, உட்கார்ந்து பேசவேண்டும்.

எடின்பரோ குழு இன்னொன்றும் செய்தது. மனச்சோர்வு உறுதியான 50 தாய்மார்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரின் வீட்டுக்குச் செவிலியர்களை வாரம் ஒருமுறை, எட்டு வாரம் அனுப்பியது. கொஞ்ச காலப் பயிற்சி பெற்ற அந்தச் செவிலியர்கள் புத்திமதி சொல்லக்கூடாது, காது கொடுத்துக் கேட்கவேண்டும் என்பது ஏற்பாடு. கேட்கப்பட்ட 26 பேரில் 18 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பில் விடப்பட்ட 24 பேரில் 9 பேர்.

நம் ஊரில் உதவி எங்கே கிடைக்கும்? 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே நேராகப் போகக் கூச்சமாக இருந்தால் பிரசவம் பார்த்த மருத்துவரிடமே தொடங்கலாம். இரத்தசோகையும் பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வு போலவே காட்டும் என்பதால் எப்படியும் ஓர் இரத்தப் பரிசோதனை நல்லது. மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். செர்ட்ரலின் பாலில் கலப்பது மிகச் சொற்பம்; அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. மாத்திரை பலன் காட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும். பலன் தெரிந்தவுடன் "அதான் சரியாயிடுச்சே" என்று தாமாக நிறுத்துவதுதான் நடைமுறையில் நான் அதிகம் கேள்விப்படும் தவறு.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்துக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 21-ஆம் பிரிவுப்படி, சிகிச்சைக்குச் சேரும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் கண்காணிப்போடு தாய் குழந்தையைப் பார்க்க வழி இருக்கவேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவு 2009-லிருந்து இயங்குகிறது. அப்படி ஒன்று ஒவ்வொரு மாநிலத்திலும் பரவலாக வந்திருக்கவேண்டிய நேரம் இது.

ஆனால் மருத்துவமனை வாசலை மிதிக்கவே விடாத வீடுகளை என்ன செய்வது? பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவர் களங்கத்தோடு மல்லுக்கட்டாமல் அதைச் சுற்றிக்கொண்டு போனார். நம் கிராம செவிலியர்களைப் போல அங்கே வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் படங்கள் போட்ட கையேடும் கொடுத்தார். கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கிக் குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும்வரை 16 சந்திப்புகள். வீட்டுக்குள் நுழையும்போது மனநோய் என்று யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "குழந்தை நல்லா வளரணும்ல, அதுக்காக வந்திருக்கோம்" என்பதுதான் பேச்சு. அதை எந்த மாமியாரும் தடுக்கமாட்டார். அவரும் வந்து உட்காருவார். அந்தப் போர்வையில், எந்த நினைப்பு தன்னைக் கீழே இழுக்கிறது, அதற்குப் பதிலாக வேறு எப்படி நினைக்கலாம், இந்த வாரம் என்ன ஒரு சின்னக் காரியம் செய்து பார்க்கலாம் என்று அந்தத் தாய்க்குப் பழக்கினார்கள். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த கிராமங்களுக்கும் அதே எண்ணிக்கையில் பணிப்பெண்கள் போனார்கள், இந்தப் பயிற்சி மட்டும் இல்லாமல். மொத்தம் 903 தாய்மார்கள். ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் போன இடத்தில் 23 விழுக்காட்டினர் மனச்சோர்வில் இருந்தார்கள். மற்ற இடத்தில் 53. 2008-ல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இதையே கையேடாக்கியது.

இந்தத் தந்திரத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தாயின் துயரத்துக்கு அவள் துயரம் என்பதே போதுமான காரணம் இல்லையா? குழந்தையின் எடையைச் சாக்காகக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்பது எந்த வழக்கத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறோமோ அதற்கே பணிந்துபோவதாகப் பட்டது. விக்டோரியா பரனோவ், சோனியா பாலோத்ரா உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஏழு ஆண்டு கழித்து அதே குடும்பங்களைத் தேடிப் போய், 2020-ல் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு நெருடல் கொஞ்சம் தணிந்தது. சிகிச்சை பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்கும் மற்றவர்களின் குழந்தைகளுக்கும் வளர்ச்சியிலோ அறிவுத்திறனிலோ சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தாய்மார்களிடம் இருந்தது. ஏழு ஆண்டுக்குப் பிறகும் அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. வீட்டுப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் மற்ற பெண்களைவிட அவர்கள் பேச்சு அதிகம் எடுபட்டது.